ஒரு சொட்டு இல்லை, ஜூனில் வாருங்கள்

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஐந்து முறை ஜெயித்தவர். அதைச் சாதனை என்று அவர் கட்சிக்காரர்களும், வியாதி என்று எதிர்க்கட்சிக்காரர்களும் சொல்வார்கள். நான் தென்காசியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புகிறவன். அவர் முதல்முறை ஜெயித்த சமயத்தில்தான் எனக்கும் இந்த வேலை கிடைத்தது. ஆகையால் எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சர்வீஸ். அவருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பரீட்சை உண்டு, எனக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அவர் தொழிலைக் கற்றுக்கொண்ட விதத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முகூர்த்த நாளில் காலையில் நாலைந்து கல்யாணம் இருக்கும். ஒவ்வொரு மண்டபத்திலும் முன்வாசல் வழியாக, எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு, நிதானமாக உள்ளே வருவார். முதல் வரிசையில் உட்காருவார். மணமக்களோடு படம் எடுத்துக்கொள்வார். போகும்போது மட்டும் சமையற்கட்டு வழியாகப் போவார். முன்வாசல் வழியாகப் போனால் அவர் போனதை எல்லோரும் பார்ப்பார்கள். பின்வாசல் வழியாகப் போனால் சாப்பாட்டுப் பந்தியில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். சமையல்காரர்களின் ஓட்டும் சேர்ந்து கிடைத்தது. துக்க வீட்டுக்கு முதல் நாள் போகவே மாட்டார். முதல் நாள் யார் வந்தார்கள் என்று அழுகிறவர்களுக்கு நினைவிருக்காது என்பது அவர் கணக்கு. கூட்டமெல்லாம் கலைந்தபின் ஒரு நாள் தனியாகப் போய், நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வருவார். அந்தக் குடும்பம் அதை இரண்டு தேர்தலுக்கு மறக்காது.

தொகுதிக்குள் அவர் பெயர் அண்ணாச்சி. சென்னையில் அவரைக் குற்றாலத்துக்காரர் என்றார்கள். அவர் வீடு தென்காசியில், கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. குற்றாலத்தில் அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆனால் அருவி இருக்கும் தொகுதியின் உறுப்பினர் என்றால், சட்டமன்றத்தில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் அவரிடம் ஒரு வேலை இருக்கிறது. மே கடைசியில் ஆரம்பிக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்து உறுப்பினர், தஞ்சாவூர்ப் பக்கத்து உறுப்பினர், அமைச்சரின் மைத்துனர், செயலாளரின் வீட்டுக்காரம்மா, அவர்களுடைய பல் டாக்டர் என்று வரிசையாகத் தொலைபேசியில் வருவார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். தண்ணி எப்படி?

அந்தக் கேள்விக்கு அவரிடம் நாலே நாலு பதில்கள் இருந்தன. ஒரு சொட்டு இல்லை, வந்தால் பாறையைப் பார்த்துவிட்டுப் போகலாம். நூலாக விழுது, கூட்டமில்லாத நாளில் குளிக்கலாம். ஜோரா விழுது, குடும்பத்தோடு வாருங்கள். நாலாவது, ஆர்ச்சைத் தாண்டுது. பேரருவியின் கீழே குளிப்பவர்களைக் காக்க ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு அந்தப் பக்கம் பாய்ந்து கொட்டினால் போலீஸ் கயிறு கட்டி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். அந்த மாதிரி நாளில் வருகிறேன் என்பவரிடம், ஐந்தருவியில் பார்க்கலாம், இல்லாவிட்டால் பழைய குற்றாலம் இருக்கவே இருக்கிறது என்று சமாதானம் சொல்வார். பேரருவிக்கு எதிரே எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் விடிந்ததும் அவருக்கு நிலவரம் சொல்லிவிடுவார். வானிலை அறிக்கை அதற்குப் பிறகுதான் வரும். எனக்கும் அந்தச் செய்தியை அண்ணாச்சிதான் தருவார். “அருவிகளில் தண்ணீர் ஆர்ப்பரித்துக் கொட்டுகிறது” என்று நான் எத்தனையோ வருஷம் எழுதியதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். ஆர்ப்பரித்து என்பது மட்டும் என்னுடையது.

சட்டமன்றத்தில் எழுந்து பேசியதைவிட போனில் தண்ணி சொன்னதுதான் அதிகம் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனாலும் அதனால் தொகுதிக்கு நஷ்டமில்லை. குளித்துவிட்டு, நாட்டுக்கோழியும் பரோட்டாவும் சாப்பிட்டு, வண்டி நிறைய மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு போனவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மறுக்கவில்லை. ஒரு பாலம், ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டடம், இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சுற்றுச்சுவர் என்று எல்லாமே அருவி கொடுத்தவை.

அருவி கொடுக்காத பக்கமும் ஒன்று உண்டு. எங்கள் தொகுதி மேற்கே நனைந்து கிழக்கே காய்ந்தது. பாவூர்சத்திரம் தாண்டி, கீழப்பாவூர் பக்கம் உள்ளே போனால், மலைமேல் மேகம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். காற்றும் குளிர்ச்சியாக வந்து முகத்தில் மோதும். மழை மட்டும் வராது. அங்கே நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் ஒரு சின்ன ஊர். சாலைக்கு இந்தப்புறம் வரை ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. சாலையைக் குறுக்கே தோண்டிக் குழாயைக் கொண்டுபோக வேண்டும். குடிநீர்க்காரர்கள் சாலைக்காரர்களைக் கைகாட்டினார்கள். சாலைக்காரர்கள் சென்னையைக் கைகாட்டினார்கள். ஊருக்குள் மேல்நிலைத் தொட்டி ஒன்று வெள்ளையடித்து நின்றது. அதில் ஒருநாளும் தண்ணீர் ஏறியதில்லை. அந்த ஊர் ஓட்டுச்சாவடியில் அண்ணாச்சி ஐந்து தேர்தலிலும் பின்தங்கினார். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஆறாவது தேர்தலுக்கு அவருக்கு சீட் கிடைக்காது என்று பேச்சு வந்தது. கட்சியில் இளைஞர்களுக்கு வாய்ப்பு என்று முடிவு செய்திருந்தார்கள். எங்கள் தொகுதிக்கு மட்டும் ஏழெட்டு இளைஞர்கள் பணம் கட்டி விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் மூத்தவருக்குப் பேரன் இருந்தான். அண்ணாச்சி வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்த மாசியில் அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்வாசல் வழியாகவே எழுந்து போனதை நான் பார்த்தேன். மனம் அங்கே இல்லை என்று தெரிந்தது. சீட் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“என்னத்த வே செய்ய? எனக்கு வேற வேலை தெரியாதுல்லா” என்றார்.

அவர் ஒளிக்காமல் சொன்ன பதில்களில் அது ஒன்று.

நேர்காணலுக்குச் சென்னைக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பின்னால் என்னிடம் முழுதாகச் சொன்னார். காலையிலிருந்து கட்சி அலுவலகக் கூடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெளியூர் ஆட்கள் பலரும் தெரிந்த முகம். ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்ப தண்ணி இருக்கா அண்ணாச்சி, ஜூன்ல வரலாமா, ரூம் சொல்லி வைப்பியளா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லி மதியம் தாண்டிவிட்டது. பசி. அப்போது பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் தலைவரும் இரண்டு மூத்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கோடை நெருங்குகிறது என்பதால் தலைவர் அன்று எல்லோரிடமும் குடிநீர் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் போனவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் பிரச்சினையே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். தலைவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், உங்க பக்கம் தண்ணி எப்படி என்றார்.

கால் நூற்றாண்டுப் பழக்கம் பதில் சொன்னது. “இப்ப ஒரு சொட்டு இல்லீங்கய்யா. ஜூன்ல வாங்க. ஜோரா விழும்.”

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், ஒருத்தராவது உண்மையைச் சொன்னாரே என்றார். ஜூனில் நிச்சயமா என்று கேட்டார். ஜூன் தப்பினாலும் ஜூலை தப்பாது, நான் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன் என்று அண்ணாச்சி உறுதி சொன்னார். குடும்பத்தோடு வர வேண்டும், தங்குவதற்கெல்லாம் நானே ஏற்பாடு செய்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். குடிநீர்க் குழாய்த் திறப்பு விழாவுக்கு இப்போதே அழைக்கிறார் என்று எண்ணித் தலைவர் சிரித்தார். தலைவர் சீசனுக்கு வருகிறார் என்று எண்ணி இவரும் சிரித்தார். வெளியே வந்ததும் விருந்தினர் மாளிகையில் ஓர் அறைக்குச் சொல்லி வைத்தார்.

அந்த வாரமே பட்டியல் வந்தது. எங்கள் தொகுதிக்கு அவரேதான். ஏன் என்று கட்சியின் செய்தித் தொடர்பாளர் நிருபர்களிடம் விளக்கினார். மற்றவர்கள் பூசி மெழுகியபோது ஒரு மூத்த உறுப்பினர் மட்டும் தம் தொகுதியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டாராம். ஜூனுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று உறுதியும் அளித்தாராம். ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யத் தலைவர் சொல்லியிருக்கிறாராம். எங்கள் பத்திரிகையின் சென்னை நிருபர் அதை அண்ணாச்சியின் வாய்மொழியிலேயே போட்டிருந்தார்: “ஜூன்ல வாங்க, ஜோரா விழும்.”

தென்காசியில் அன்று காலை டீக்கடைகளில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வரும். தொட்டியில் ஏறும். வாய்க்காலில் ஓடும். கிணற்றில் ஊறும். விழுவது அருவியில்தான். அண்ணாச்சி எந்தத் தண்ணீரைச் சொல்லியிருப்பார் என்பது பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிந்துவிட்டது. புரியாதது சென்னைக்கு மட்டும்தான். நான் அவர் வீட்டுக்குப் போனபோது பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம், பாகற்காயைத் தெரியாமல் கடித்தவர் முகம். இது உண்மைதானா என்று கேட்டேன். தலைமை சொல்லிவிட்டது, அப்படியே போடும் வே என்றார். ஊர் சிரிப்பதைச் செய்தியாக எழுத முடியாது. அவர் சொன்னால்தான் செய்தி. எழுந்து வந்துவிட்டேன்.

பிரச்சாரம் தொடங்கியதும் அவருக்குக் கஷ்ட காலமும் தொடங்கியது. எதிர்த்து நின்றவர் இதே ஊர்க்காரர், பேசத் தெரிந்தவர். ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டித் தெருத்தெருவாகக் கேட்கவிட்டார். இருபத்தைந்து வருஷம் பதவியில் இருந்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டாரே, இத்தனை காலமும் நமக்குத் தண்ணி காட்டியிருக்கிறாரே, இவருக்கா உங்கள் ஓட்டு? அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது எதிராளிக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அதை வெளியே சொன்னால் ஜூன் தண்ணீரைக் கெடுத்தவர் என்ற பெயர் தனக்கு வந்து, கிழக்கே உள்ள ஊர்களின் ஓட்டு போய்விடும் என்று அதை மட்டும் தொடவில்லை. அண்ணாச்சியைத் தூண்டிவிட்டு, அவர் வாயாலேயே அதைச் சொல்ல வைக்கப் பார்த்தார்.

அண்ணாச்சிக்கோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து பழக்கமில்லை. நான் சொன்னது அருவியப்பா என்று ஒரு வரி சொன்னால் போதும். இருபத்தைந்து வருஷப் பழி போய்விடும். ஆனால் அந்த வரி சென்னைக்குப் போனால், உண்மை பேசியவர் என்று சீட் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வண்டிக்குள் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே வந்தார் என்று டிரைவர் சொன்னார். ஒவ்வொரு தெருமுனையிலும் அந்த ஆட்டோ எதிரே வந்தது. அவர் வரும் வழி தெரிந்து அனுப்புகிறார்கள் என்று கட்சிக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள்.

சாலைக்கு அந்தப்புறமுள்ள அந்தச் சின்ன ஊருக்கு ஒருநாள் காலையில் போனார். செய்தி சேகரிக்க நானும் பின்னால் போனேன். வழக்கமாக அங்கே நாலு பேர்கூட நிற்க மாட்டார்கள். அன்று ஊரே நின்றது. தொட்டியின் அடியில் பெண்கள் வரிசையாக நின்று அவரையே பார்த்தார்கள். யாரும் குடத்தைக் காட்டவில்லை, கோஷம் போடவில்லை. அதுதான் அவரை அசைத்துவிட்டது என்று நினைக்கிறேன். பேச ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மைக்கை அணைக்கச் சொன்னார். வேனிலிருந்து இறங்கி அவர்கள் பக்கத்தில் போய், உங்களை ஏமாற்ற எனக்கு மனசில்லை, நான் அன்றைக்குச் சொன்னது குற்றாலத்துத் தண்ணீரை, இந்தத் தண்ணீரை இல்லை என்று சொல்லிவிட்டார்.

முன்னால் நின்றிருந்த ஒரு பெண் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அந்த ஊரின் வார்டு உறுப்பினர். தையல் மிஷின் போட்டுப் பிழைப்பவர். எதிர்க்கட்சிக்காரர், அந்த ஆட்டோவுக்கு டீசல் போட்ட கட்சி.

“எங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா அண்ணாச்சி” என்றார். “பைப்புல தண்ணி விழும்னு யாராவது சொல்லுவாவளா? நீங்க தண்ணின்னு வாயத் திறந்தா அது குத்தாலம்தான்.”

அண்ணாச்சி அவரையே பார்த்தார். ஊரெல்லாம் தெரியுமா என்று கேட்டார். தொகுதி முழுக்கத் தெரியும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இத்தனை நாளும் தான் மட்டும் ரகசியமாகச் சுமந்துகொண்டிருந்ததாக நினைத்த சுமையை எல்லோரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள் என்பது அவருக்கு உள்ளே போகக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“மெட்ராஸ்காரனுக்கு மட்டும் தெரியாது. தெரியாமயே இருக்கட்டும்” என்றார் அந்தப் பெண். “ஜூன்ல தண்ணின்னு அவங்க பேப்பர்ல போட்டுட்டாங்க. இனி போடாம இருக்க முடியாது. நீங்க மட்டும் ஓட்டு முடியுத வரைக்கும் வாயத் திறந்துராதிய.”

“அவன் தெருத்தெருவா ஏசுதானே எம்மா.”

“ஏசட்டும். எங்க கட்சிதான ஏசுது, நான் சொல்லுதேன்லா. இருபத்தஞ்சு வருஷம் பேசுனிய, ஒண்ணும் வரல. ஒரு மாசம் பேசாம இருந்து பாருங்க.”

அப்போ ஓட்டு என்று அவர் இழுத்தார். ஓட்டு வேறு, தான் வேறு கட்சி, அதைப் பற்றி இப்போது பேச்சில்லை என்று அந்தப் பெண் முடித்துவிட்டார். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து, ஏலே, எடுத்து உள்ள வைங்க என்றார். வைத்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, பேப்பர்க்கார அண்ணாச்சி, இது பேப்பர்ல வராதுல்லா என்று கேட்டார். நான் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை. ஒரு வேட்பாளர் ஊரார் முன்னால் ஒன்றைச் சொன்னால் அது செய்தி.

அன்று மாலை முழுவதையும் எழுதி அனுப்பினேன். திருநெல்வேலி அலுவலகத்தில் இருந்த உதவி ஆசிரியர் புதுசு, சேலத்துப் பக்கத்துக்காரர். போனில் கூப்பிட்டார். விழும் என்றால் அருவி, வரும் என்றால் குழாய், இதில் என்னங்க செய்தி இருக்கு, ரெண்டும் ஒண்ணுதானே என்றார். இரண்டு முறை விளக்கினேன். வாசகருக்கு ஒன்றும் புரியாது என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் வந்தது இவ்வளவுதான்: வேட்பாளர் அந்தப் பகுதியில் வாக்கு சேகரித்தார், பொதுமக்கள் திரளாக வரவேற்றனர்.

தையல்காரப் பெண் காலையிலேயே போன் செய்து நன்றி சொன்னார். நான் முழுவதையும் எழுதியிருந்தேன், வெட்டிவிட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். “பரவாயில்ல, வரலல்லா” என்று வைத்துவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அண்ணாச்சி பட்ட பாட்டை வேறு எந்தத் தேர்தலிலும் நான் பார்த்ததில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. தெருவில் அந்த ஆட்டோவின் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டாலே உதடு துடிக்கும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிப்பார். கடைசிக் கூட்டம் தென்காசியில், கோபுரத்துக்கு எதிரே. நல்ல கூட்டம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவிலிருந்து ஒருவர் எழுந்து, தண்ணியப் பத்திச் சொல்லுமய்யா என்று கத்தினார். சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஆள் என்பது அவர் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. கூட்டம் அமைதியானது. எல்லோருக்கும் விஷயம் தெரியும். இவர் சொல்வாரா மாட்டாரா என்பதுதான் தெரியாது. அப்படி ஒரு அமைதியை நான் அரசியல் கூட்டத்தில் கேட்டதில்லை.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடினார். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தவில்லை. பாட்டில் காலியாகும் வரை குடித்தார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசையாகச் சிரித்தார்கள், கடைசியில் கேள்வி கேட்ட ஆளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ரயில்வே மேம்பாலத்தைப் பற்றித் தொடர்ந்தார்.

ஜெயித்தார். அவருடைய ஆறு வெற்றிகளில் இதுதான் ஆக மெலிந்தது. கடைசிச் சுற்று எண்ணி முடியும் வரை அவர் ஓட்டு எண்ணும் மையத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேயிருந்தார். உட்காரச் சொன்னவர்களுக்கெல்லாம் கையை அசைத்தார். சாலைக்கு அந்தப்புற ஊரின் சாவடியில் இம்முறையும் பின்தங்கித்தான் இருந்தார். எவ்வளவு என்று ஏஜென்ட் சொன்னபோது, வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பின்தங்கியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

அவர் கட்சிக்கே ஆட்சி கிடைத்தது. தலைவர் வாக்கை மறக்கவில்லை. மறக்க முடியாதபடி அதுதான் எல்லா ஊர்க் கூட்டங்களிலும் உதாரணமாகப் பேசப்பட்டிருந்தது: எங்கள் வேட்பாளர் உண்மை பேசுகிறவர். சென்னையிலிருந்து உத்தரவு வந்ததும், அதுவரை ஒருவரையொருவர் கைகாட்டிய இரண்டு துறைக்காரர்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். சாலையைத் தோண்டினார்கள். ஜூன் என்று சொன்னது ஆவணியில் முடிந்தது. அரசாங்க வழக்கத்தில் அதைத் தாமதம் என்று சொல்லக்கூடாது.

திறப்பு விழாவுக்குப் பந்தல் சின்னதுதான். அதிகாரிகள் வந்திருந்தார்கள். மலைமேல் நல்ல மேகம். அண்ணாச்சி தெருக்குழாயைத் திருகினார். முதலில் காற்று வந்தது, இருமல் மாதிரி. பிறகு பழுப்பாகக் கொஞ்சம் துப்பியது. அப்புறம் தெளிந்து, தடிமனாக வந்தது. பெண்கள் முண்டியடிக்கவில்லை. வரிசையில் நின்று பிடித்தார்கள். பொறியாளர் மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அண்ணாச்சி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அது பழகிவிட்டதோ, அல்லது பேசினால் மறுபடியும் ஏதாவது ஆகிவிடும் என்று பயமோ, எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

தையல்காரப் பெண் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். போட்டோ எடுக்கிறவர்கள் நெருங்கினார்கள். அண்ணாச்சி வாங்கி முழுவதையும் குடித்தார். எப்படி இருக்கு என்று அந்தப் பெண் கேட்டார். அண்ணாச்சி படக்காரர்கள் விலகும் வரை காத்திருந்தார்.

“பேசக் கூடாதுன்னு நீதான சொன்ன.”

“ஓட்டெல்லாம் முடிஞ்சு எத்தன மாசமாச்சு. இப்பம் பேசலாம்.”

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் துரு வாடை அடிக்கு எம்மா.”

“அடிக்குல்லா? அத இங்கன சொல்லி என்ன செய்ய? மெட்ராஸ்ல போய்ச் சொல்லுங்க. அதுக்குத்தான ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கு” என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் குழாயடிக்குப் போனார்.

ஓட்டுப் போட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பொறியாளரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, பழைய குழாய் எதுவரை, புதுக்குழாய் எங்கிருந்து என்று விசாரிக்க ஆரம்பித்தார். பொறியாளர் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை போலிருக்கிறது. எழுந்து போய் வரிசையின் கடைசியில் நின்றார், இன்னொரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்க்க.